சத்தமாகப் பேசுகிறவர்களின் சாந்தம்

வடசென்னைக்காரன் வாயைத் திறந்தாலே சண்டைதான் என்று ஒரு நினைப்பு இந்த ஊரில் ரொம்ப நாளாக இருக்கிறது. சினிமா அதை இன்னும் வளர்த்துவிட்டது. வெளியே யாராவது அப்படிச் சொன்னால் விட்டுவிடுவேன். அதையே சபைக்குள் கேட்கும்போதுதான் மனசு ஆறுவதில்லை. போன லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய உபவாச காலத்தில், ஒரு கூட்டத்துக்குச் செய்தி கொடுக்க வெளியிலிருந்து வந்தவர், ஆவியின் கனியைப் பற்றி, கலாத்தியர் 5-இல் வருகிற அன்பு, சாந்தம் முதலான குணங்களைப் பற்றி, நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். சாந்தம் என்ற இடத்துக்கு வந்ததும், "இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதலில் டீசன்ட்டாகப் பேசக் கற்றுக்கொடுங்கள், சாந்தம் தானாக வரும்" என்றார். முன்வரிசையில் சிலர் தலையாட்டினார்கள். பாய் விரித்துக் கீழே உட்கார்ந்திருந்த எங்கள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். தங்களைத்தான் சொல்கிறார் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கே இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டை, இப்போது குடியிருப்பது ராயபுரம். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து இரவு கணக்கு முடிக்கிற வரைக்கும் யாரிடமாவது பேசிக்கொண்டேதான் இருக்க வேண்டும், அதனால் பேச்சைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

எங்கள் பக்கம் சத்தமாகத்தான் பேசுவோம். காசிமேட்டில் விடிவதற்கு முன்னால் ஏலம் நடக்கும், அங்கே மெல்லப் பேசினால் உங்களுக்கு மீன் வராது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், அந்த ஹார்னுக்கு மேலே குரல் போனால்தான் எதிர்ப்பக்கம் நிற்கிறவருக்குக் கேட்கும். பெரம்பூர் பின்னி மில்லில் தறிச் சத்தத்துக்கு நடுவே வாழ்நாளைக் கழித்த தாத்தாக்கள் வீட்டுக்கு வந்தும் அதே குரலில்தான் பேசினார்கள், அவர்கள் பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பழகாதவர்களுக்கு அது சண்டை மாதிரிக் கேட்கும். "இன்னா ஆயா, மூஞ்சி வாடிக்கீது, ஒன்னும் துன்லியா?" என்று தெருமுனையிலிருந்து ஒருத்தன் கத்துகிறான் என்றால், அந்தக் கிழவி காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதை அந்தத் தெருவில் அவன் ஒருத்தன்தான் கவனித்திருக்கிறான். அதே தெருவில் மெல்லிய குரலில், நல்ல தமிழில், ஒரு வார்த்தை கூடத் தப்பில்லாமல், மருமகளை அழ வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். குரலை வைத்து இதை அளக்க முடியாது.

ராயபுரம் என்ற பெயரே ராயப்பரிடமிருந்து வந்ததுதான், அதாவது இயேசுவின் சீடர் பேதுரு. பழைய மதராஸில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே படகு விட்ட ஜனங்கள் கட்டிய கோவில் இன்றைக்கும் அவர் பெயரில் நிற்கிறது. அது கத்தோலிக்கக் கோவில், நான் புராட்டஸ்டன்ட் சபையான சி.எஸ்.ஐ., ஆனாலும் அந்தக் கோவிலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு மத்தேயு 26-ஆம் அதிகாரம்தான் ஞாபகம் வரும். ஆண்டவர் இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரி, பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் பேதுரு மாட்டிக்கொள்வதே பேச்சால்தான். "மெய்யாகவே நீயும் அவர்களில் ஒருவன்; உன் பேச்சு உன்னை வெளிப்படுத்துகிறது" என்கிறார்கள். எருசலேம்காரர்களுக்குக் கலிலேயாக்காரன் பேச்சு வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. அவ்வளவு காலம் ஆண்டவர் கூடவே சுற்றியும் பேதுருவின் பேச்சு மாறவில்லை. மாற்றிக்கொள் என்று ஆண்டவர் சொன்னதாக ஒரு வசனம் கிடையாது. நாசரேத்தும் கலிலேயாவில்தானே இருக்கிறது, அவரும் அந்த மண்ணில் வளர்ந்தவர்தான். பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், நீங்களும் உங்கள் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள்.

பேதுருவிடம் ஆண்டவர் திருத்தியது வேறு. கத்தியை எடுத்து மல்குஸ் என்பவனின் காதை வெட்டிய கோபக்காரர் அவர். பயம் வந்ததும் சபிக்கவும் சத்தியம் பண்ணவும் தொடங்கி, அவரைத் தெரியவே தெரியாது என்று சொன்னவரும் அவர்தான். இப்படிப்பட்டவரை உயிர்த்தெழுந்த ஆண்டவர் திரும்பச் சந்திக்கும்போது எப்படிப் பேசினார் என்பது யோவான் 21-இல் இருக்கிறது. சாந்தமாகப் பேசுவது எப்படி என்று யாராவது கேட்டால் நான் முதலில் அந்த அதிகாரத்தைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

பேதுருவும் கூட இருந்தவர்களும் ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை, விடியற்காலையில் ஆண்டவர் சொன்ன பக்கம் வலை போட்டு மீனோடு கரைக்கு வருகிறார்கள். கரையில் கரிநெருப்புப் போட்டிருக்கிறது, மேலே மீன் வைத்திருக்கிறது, அப்பம் இருக்கிறது. "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்கிறார். ராத்திரித் தொழிலுக்குப் போய்விட்டு வந்தவனிடம் முதலில் என்ன பேச வேண்டும் என்று அவருக்குத் தெரியும், எங்கள் காசிமேட்டுப் பெண்களுக்கும் தெரியும். சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேதுருவோடு பேச ஆரம்பிக்கிறார். முற்றத்திலும் ஒரு கரிநெருப்பு இருந்தது, அதன் பக்கத்தில் நின்று குளிர்காய்ந்துகொண்டுதான் பேதுரு மறுதலித்தார். ஆண்டவர் அதைச் சொல்லிக் காட்டலாம். நீ அன்றைக்கு என்ன சொன்னாய் ஞாபகம் இருக்கிறதா என்று எல்லார் முன்னாலும் கேட்கலாம், கேட்கிற உரிமையும் அவருக்கு இருந்தது. கேட்கவில்லை. நீ என்னை நேசிக்கிறாயா என்று மட்டும் கேட்டார். மூன்று தரம் கேட்டார், மூன்றாம் தரம் பேதுருவுக்குத் துக்கம் வந்தது என்று வசனமே சொல்கிறது, அதனால் வலிக்காமல் பேசினார் என்று நான் சொல்ல மாட்டேன். வலித்தது. ஆனால் ஒவ்வொரு தரமும் கூடவே ஒரு பொறுப்பையும் கொடுத்தார், என் ஆடுகளைப் பார்த்துக்கொள் என்று. தப்பு செய்தவனைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொள்கிற பேச்சு அது.

எனக்குப் புரிந்தவரைக்கும் சாந்தம் இங்கேதான் இருக்கிறது. நம் கை ஓங்கியிருக்கிற நேரத்தில் எதிரில் இருப்பவரின் பலவீனத்தை நாம் என்ன செய்கிறோம் என்பதில் அது தெரிந்துவிடும். பெரிய அதிகாரியிடம் எல்லோரும் பணிவாகத்தான் பேசுவோம், அதில் ஆவியானவருக்கு வேலையே இல்லை. நமக்குக் கீழே நிற்கிறவர், நம்மிடம் எதையாவது வாங்க வந்தவர், நமக்குப் பதில் சொல்ல முடியாத இடத்தில் இருப்பவர், இவர்களிடம் பேசும்போதுதான் தெரியும்.

என் கடை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இருக்கிறது. முப்பது நாளைக்கு மாத்திரை எழுதியிருக்கும், வருகிறவர் கையில் ஐந்து நாளைக்குத்தான் காசு இருக்கும். அதைச் சொல்வதற்கு முன்னால் அவர்கள் படுகிற பாட்டைக் கவுண்டருக்கு உள்ளே நின்றால்தான் பார்க்கலாம். சீட்டை நீட்டுவார்கள், மறுபடி இழுத்துக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்கிறவர் வாங்கிக்கொண்டு போகட்டும் என்று ஒதுங்கி நிற்பார்கள். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்பார்கள், இடுப்பில் சொருகிய சுருக்குப் பையைத் தொட்டுப் பார்ப்பார்கள், அப்புறம், "மீதி நாளைக்கு வந்து வாங்கிக்கிறேம்மா" என்பார்கள். நாளைக்கு வர மாட்டார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கூட வேலை செய்கிற சின்னப் பையன்கள் சில நேரம், "காசு பத்தலையா?" என்று சத்தமாகவே கேட்டுவிடுவார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, வேலை வேகத்தில் வருவது. ஆனால் அந்த முகம் சுருங்கிப் போவதைப் பார்த்தால் அந்தக் கேள்வியை யாரும் இரண்டாவது தரம் கேட்க மாட்டார்கள்.

எங்கள் கடையில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வருகிறவர், சர்ச் பக்கம் வந்ததே இல்லை. இதற்கு வழி கண்டுபிடித்துத் தந்தவர் அவர்தான். யார் சீட்டு கொடுத்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை நாளைக்குத் தரட்டும்?" காரில் வந்து இறங்குகிறவரிடமும் அதே கேள்வி, சுருக்குப் பை வைத்திருக்கும் ஆயாவிடமும் அதே கேள்வி. எல்லோரையும் கேட்பதால் ஆயாவுக்கு அது கூச்சமாகவே படாது, "அஞ்சு நாளைக்குக் குடுப்பா" என்று நிமிர்ந்து சொல்வார். விலைப்பட்டியலில் எழுதாத மரியாதை அது. கலாத்தியர் 5-ஐ மனப்பாடமாகச் சொல்கிற நான் இதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன், ஆண்டவர் தமக்கு இஷ்டமான இடத்தில் தம்முடைய சுபாவத்தை வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அதற்காக உண்மையைச் சொல்லாமல் விடுவதும் கிடையாது. ஆன்டிபயாட்டிக் மாத்திரையாக இருந்தால் பாதியில் நிறுத்தக் கூடாது என்று சொல்லியே ஆக வேண்டும், ஐந்து நாள் எழுதியிருந்தால் ஐந்து நாளும் போட வேண்டும், அதற்குக் காசு குறைந்தால் வீட்டில் வேறு செலவு எதையாவது தள்ளி வைக்கலாம், இதைத் தள்ள முடியாது என்று உட்கார வைத்துச் சொல்வேன். டிபி மாத்திரைக்குச் சீட்டு கொண்டு வருகிறவர் இருந்தால், பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, "இதுக்கு நீங்க காசு குடுக்க வேணாம் தாத்தா, கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியிலயே இலவசமா குடுப்பாங்க, ஆறு மாசம் விடாம சாப்பிடுங்க" என்பேன். அந்த வியாதியின் பெயரைக் கடையில் நாலு பேர் நிற்கும்போது உரக்கச் சொன்னால் அந்தத் தாத்தா மறுபடி அந்தப் பக்கமே வர மாட்டார், மாத்திரையையும் விட்டுவிடுவார். எபேசியருக்கு எழுதும்போது பவுல் அன்புடன் சத்தியத்தைக் கைக்கொள்ளச் சொன்னார், அதில் இரண்டு வார்த்தையும் இருக்கிறது.

சரி, கடையில் நடப்பதை விடுங்கள், வாங்க வந்தவரிடம் நல்லபடியாகப் பேசுவது வியாபாரத்துக்கும் நல்லதுதான். நாம் கிறிஸ்தவர்கள் ரொம்பக் காயப்படுத்துவது ஆறுதல் சொல்லப் போகிற இடத்தில்தான் என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில், சாவு வீட்டில், வேலை போனவன் வீட்டில். "கர்த்தர் சித்தம், நாம என்ன பண்ண முடியும்." "எதுக்கோ காரணம் இருக்கும் சிஸ்டர்." "ஜெபத்துல குறைவு இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க." குழந்தை இல்லாதவளிடம், அன்னாளுக்குக் கொடுத்தவர் உனக்கும் கொடுப்பார் என்று ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்லிச் சொல்லி, அவள் கல்யாண வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிடுகிறாள். சொல்கிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள், உருக்கமாக ஜெபிக்கிறவர்கள். ஆனால் அழுகிறவர்களுடனே அழுங்கள் என்றுதான் ரோமர் 12-இல் இருக்கிறது, அழுகிறவர்களுக்கு விளக்கம் சொல்லுங்கள் என்று இல்லை.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவிடம் சிநேகிதர்கள் வந்து முதல் ஏழு நாள் இராப்பகல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரைக்கும் அவர்களைப் போல நல்ல சிநேகிதர்கள் வேதத்திலேயே இல்லை. வாயைத் திறந்து, நீ ஏதோ செய்திருப்பாய் என்று காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் தேவன் அவர்கள்மேல் கோபப்பட்டார், யோபுவே அவர்களுக்காக வேண்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. லாசரு கல்லறைப் பக்கம் ஆண்டவர் கண்ணீர் விட்டார், கொஞ்ச நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறார் என்று தெரிந்தும் விட்டார். எல்லாம் சரியாகிவிடும் என்று தெரிந்தவருக்கே அழத் தோன்றியிருக்கிறது, நமக்கு என்ன அவசரம்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் வந்து படிந்தபோது, காட்டுக்குப்பத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்குச் சபையிலிருந்து சில பெண்கள் போயிருந்தோம். படகு, வலை, வாசல் எல்லாம் கறுப்பு. எண்ணெய் நாற்றத்தில் மூச்சு விட முடியவில்லை. அந்த வீட்டு மனுஷன் வலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார், முடிச்சுக்கு முடிச்சு தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது, விரலால் சுரண்டிச் சுரண்டி நகக்கண்ணெல்லாம் கறுத்துப் போயிருந்தது. எங்களில் ஒருத்தர் இது கடைசிகால அடையாளம் என்று ஆரம்பித்தார். அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார். எங்களோடு வந்திருந்த வயசான அம்மா ஒருத்தர், படிப்பெல்லாம் இல்லை, கொடுங்கையூர் பக்கம் இட்லி விற்றுப் பிழைத்தவர், பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டு, "எத்தினி வல போச்சு நைனா? கடன் எவ்ளோ கீது?" என்று கேட்டார். அவ்வளவுதான், அந்த மனுஷன் பேச ஆரம்பித்தார். வலை என்ன விலை, யாரிடம் வட்டிக்கு வாங்கினார், பெண் படிப்புக்கு வைத்திருந்தது எப்படிப் போனது, மீன் பிடித்தாலும் எண்ணூர் மீன் என்றால் யாரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள் என்று கொட்டித் தீர்த்தார். அந்த அம்மா நடுவில் ஒன்றுமே சொல்லவில்லை, "ஐயோ", "அப்பறம்?" அவ்வளவுதான். கடைசியில் அவரே, "ஜெபம் பண்ணுங்கம்மா" என்று கேட்டார். கேட்ட பிறகு செய்கிற ஜெபத்துக்கும் கேட்காமல் நாமே ஆரம்பிக்கிற ஜெபத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அன்றைக்குப் பார்த்தேன். கேட்கிறதற்குத் தீவிரமாக, பேசுகிறதற்குப் பொறுமையாக இருங்கள் என்று யாக்கோபு எழுதியதை அந்த அம்மா வாசித்திருக்கக் கூட மாட்டார், அவருக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும்.

மற்ற மார்க்கத்தாரிடம் பேசுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் தெருவில் மாரியம்மன் கோவில் இருக்கிறது, கொஞ்சம் தள்ளி மசூதி இருக்கிறது, எல்லாச் சுவரும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆடி மாசம் கூழ் ஊற்றுவார்கள். எதிர்வீட்டு அக்கா சொம்பு நிறையக் கூழும் கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு வருவார். சாப்பிடலாமா கூடாதா என்று கொரிந்தியர் நிருபத்தை வைத்து நம் ஆட்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள், நான் அதற்குள் போகவில்லை. படைத்ததை நான் சாப்பிடுவதில்லை, அது என் மனசாட்சி, வேறு மாதிரி நினைக்கிற கிறிஸ்தவர்களை நான் குறை சொல்வதும் இல்லை. ஆனால் வாசலில் வந்து நிற்கிற அந்த அக்காவிடம், "நாங்க விக்கிரகத்துக்குப் படைச்சத தொட மாட்டோம்" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிக் கதவைச் சாத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், சாத்திவிட்டு அதைச் சாட்சி என்று சபையிலும் சொல்வார்கள். அது எப்படிச் சாட்சி ஆகும்? நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லுங்கள் என்று எழுதியவர் யார் தெரியுமா, காதை வெட்டிய அதே பேதுரு. வணக்கத்தோடும் என்கிறார் பாருங்கள்.

நான் சொல்வது இதுதான்: "அக்கா, நீ எங்களையும் நெனச்சு எடுத்துட்டு வந்தியே, அதுவே போதும். படைச்சது நான் சாப்புடுறதில்லக்கா, தப்பா நெனச்சிக்காத. உள்ள வா, டீ போடுறேன், குந்து." முதலில் கொஞ்சம் முகம் மாறினார். இப்போதெல்லாம் அவரே, "உனக்குன்னு படைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சிட்டேன்" என்று குழம்பைத் தனிக் கிண்ணத்தில் கொண்டு வருகிறார். ஏன் நீ சாப்பிடுவதில்லை என்று ஒருநாள் அவராகவே கேட்டார், நானும் சொன்னேன். கிறிஸ்துமஸுக்கு நான் கேக் கொடுக்கும்போது அவர் என்னை அப்படி ஒருநாளும் வாசலில் நிறுத்தியதில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

இன்னொரு விஷயம், இதைக் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். சாந்தம் என்ற பெயரில் பெண்களை வாயடைக்கிற பழக்கம் நம் சபைகளில் இருக்கிறது. புருஷன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறான் என்று ஒருத்தி கன்னம் வீங்க வந்து நின்றால், "நீ சாந்தமா இரும்மா, எதுத்துப் பேசாத, ஜெபம் பண்ணு, மாறிடுவான்" என்று அனுப்பி வைக்கிறார்கள். இதற்கு வேதத்தில் ஆதாரம் கிடையாது. ஆண்டவரைப் பிரதான ஆசாரியன் முன்னால் ஒரு சேவகன் கன்னத்தில் அறைந்தபோது அவர் சும்மா இருக்கவில்லை. "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார், யோவான் 18:23. திட்டவில்லை, சபிக்கவில்லை, நேராகக் கேட்டார். அடி வாங்குகிறவளிடம் சாந்தத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வதற்கு முன்னால் அடிக்கிறவனைப் போய்ப் பார்த்தார்களா என்று கேளுங்கள். 181 என்று பெண்களுக்கான உதவி எண் இருக்கிறது, அதை அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள், ராத்திரி தங்க இடம் வேண்டுமென்றால் கொடுங்கள். மனதுருக்கம் அங்கே அப்படித்தான் இருக்கும். சாந்தகுணத்தில் பூமியிலேயே பெரியவர் என்று மோசேயைப் பற்றி எண்ணாகமம் சொல்கிறது, அதே மோசேதான் பார்வோன் முன்னால் போய் நின்று ஜனங்களை அனுப்பிவிடு என்று கேட்டார்.

வீடு என்று வந்தால் இன்னும் கஷ்டம். எங்கள் பக்கம் ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகு எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், பள்ளிக்கூட லீவில் பிள்ளைகளும் இருப்பார்கள், வெயில் வேறு, வருமானம் இல்லை, புது வருஷப் பள்ளிக் கட்டணம் ஒரு பக்கம் மிரட்டும். அந்தச் சமயத்தில் ஒரு வீட்டில் பேசுகிற பேச்சை வைத்துத்தான் நான் ஒரு குடும்பத்தின் பக்தியைப் பார்ப்பேன், உபவாசக் கூட்டத்தில் சத்தமாக ஜெபிப்பதை வைத்துப் பார்க்க மாட்டேன். சாலொமோன் மகன் ரெகொபெயாமிடம் ஜனங்கள் வந்து பாரத்தைக் கொஞ்சம் குறையுங்கள் என்றுதான் கேட்டார்கள். நல்வார்த்தையாகப் பதில் சொன்னால் எந்நாளும் உமக்கு ஊழியக்காரராய் இருப்பார்கள் என்று முதியவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அவன் கூட வளர்ந்த பையன்கள் பேச்சைக் கேட்டு, என் தகப்பன் சவுக்கால் அடித்தார், நான் தேளால் அடிப்பேன் என்று வீராப்புப் பேசினான். பத்துக் கோத்திரம் போய்விட்டது, திரும்ப வரவே இல்லை. வீட்டில் ராஜா மாதிரிப் பேசுகிற அப்பாக்கள் 1 இராஜாக்கள் 12-ஐ ஒரு தரம் நிதானமாக வாசிக்கலாம். சபையை நடத்துகிற பாஸ்டரேட் கமிட்டித் தேர்தலில் ஜெயித்தவர்களும் வாசிக்கலாம்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கூட்டத்துக்கு அடுத்த ஞாயிறு நான் பாடத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பேதுரு கதையைச் சொன்னேன், யோவான் 18:23-யும் வாசிக்க வைத்தேன். எட்டாவது படிக்கிற ஒரு பையன், அப்பா லாஞ்சில் போகிறவர், கையைத் தூக்கினான். "ஸ்கூல்ல என்னைப் பேர் சொல்லியே கூப்புட மாட்றாங்க அக்கா. மீன் நாத்தம்னு கூப்புடுறாங்க. நான் சாந்தமா இருக்கணுமா, இல்ல குடுத்துடவா?" சிரிக்கவில்லை யாரும், எல்லோருக்கும் தெரிந்த சங்கதி அது. அந்த வசனத்தை உன் பேச்சில் சொல்லு பார்ப்போம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, "நான் இன்னா தப்பு பண்ணேன் சொல்லு. ஒன்னும் பண்லன்னா இன்னாத்துக்கு அப்டி கூப்புடுற?" என்றான். மற்ற பிள்ளைகளும் ஒவ்வொருத்தராகச் சொல்லிப் பார்த்தார்கள், ஒரு பெண் இன்னும் நன்றாகவே சொன்னாள். திரும்ப அடிப்பதற்கும் அழுதுகொண்டே வருவதற்கும் நடுவில் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று அவர்களுக்குப் புரிந்தது. ஆனால் வகுப்பில் இருபது பேர் சேர்ந்து சொல்வதை ஒரு பையன் தனியாகக் கேட்டு நிறுத்த முடியாது, அது பெரியவர்கள் பார்க்க வேண்டிய வேலை. திங்கட்கிழமை அவன் அம்மாவோடு நானும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். என்ன பேசுவது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறோம். யார் சொன்னார்கள், யாருக்குச் சொன்னார்கள் என்று இழுக்காமல், வகுப்பில் யாரையும் பட்டப்பெயரில் கூப்பிடக் கூடாது, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று டீச்சரே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட வேண்டும் என்று கேட்கப் போகிறோம்.